விஞ்ஞானி வரலாறுகளில் விடுபட்டவை

வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் பேருந்தில் பெருமாள்மலையையும் வெள்ளி அருவியையும் கடந்தால் செண்பகனூர் வந்துவிடும். கொடைக்கானலுக்குப் போகிற அவசரத்தில் பலர் இவ்வூரைக் கவனிப்பதே இல்லை. சென்ற ஆண்டு இங்குள்ள மாணவர் சிலரிடம் அறிவியல் நூல்களைப் பற்றிப் பேச நேர்ந்தது. பேச்சு முடிந்தபின் பிளஸ் டூ படிக்கும் ஒரு மாணவி தயங்கித் தயங்கி வந்து கேட்டாள்: "சார், நான் பிசிக்ஸ் ஆராய்ச்சிக்குப் போகணும்னு நினைக்கிறேன். அதுக்கு முதல்ல எதையாவது கண்டுபிடிச்சிருக்கணுமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் அது சிரிக்க வேண்டிய கேள்வியல்ல என்று தோன்றிற்று. அந்தப் பெண் படித்த நூல்களிலிருந்து வேறு எந்த முடிவுக்கு வந்திருக்க முடியும்? நம் மொழியில் மாணவர்களுக்கென்று வெளிவரும் விஞ்ஞானி வரலாறுகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. ஏழைக் குடும்பத்தில் ஒரு குழந்தை பிறக்கிறது. அது எல்லாரும் பார்த்த ஒன்றைப் பார்த்து, யாரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்கிறது. ஆசிரியர் கடிந்துகொள்கிறார். குழந்தை வளர்ந்து, ஒரு நாள் திடீரென்று கண்டுபிடிக்கிறது. உலகம் வியக்கிறது, பரிசு வருகிறது. கடைசிப் பத்தியில் மாணவர்களுக்கு ஓர் அறிவுரை.

இந்த வரலாறுகள் பொய் சொல்கின்றன என்பதல்ல என் குறை. பெயர், ஆண்டு, பரிசு எல்லாம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் ஆராய்ச்சி என்பது ஒரு வேலை, காலையில் எழுந்து போய்ச் செய்து மாலையில் திரும்பும் தொழில் என்பது அவற்றில் எங்குமே இல்லை. தச்சரைப் பற்றி எழுதினால் உளியும் இழைப்புளியும் வருகின்றன. மருத்துவரைப் பற்றி எழுதினால் நோயாளி வருகிறார். இயற்பியலரைப் பற்றி எழுதினால் மட்டும் ஏனோ மூளை ஒன்றுதான் வருகிறது.

எல்லாருக்கும் தெரிந்த கதையையே எடுத்துக்கொள்வோம். 1921-இல் சி. வி. ராமன் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீல நிறத்தைக் கண்டார், சிந்தித்தார், நோபல் பரிசு பெற்றார். பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் இதை நூறு முறையாவது கேட்டிருப்பேன். கடலின் நீலத்துக்கும் 1928 பிப்ரவரி 28-ஆம் நாளுக்கும் இடையில் ஏழாண்டு இடைவெளி இருக்கிறது. அந்த ஏழாண்டில் என்ன நடந்தது? 1923-இல் கல்கத்தாவில் ராமனுடன் பணியாற்றிய கே. ஆர். ராமநாதன், நீர் சிதறடிக்கும் ஒளியில் ஒரு மங்கலான மிகை ஒளியைக் கண்டார். நீரில் உள்ள அழுக்கினால் ஏற்படும் ஒளிர்வு என்று எண்ணி, நீரைத் திரும்பத் திரும்பத் தூய்மைப்படுத்திப் பார்த்தார். அது மறையவில்லை. அந்த அளவில் அச்செய்தி நின்றது. பிறகு கே. எஸ். கிருஷ்ணன் வேறு நீர்மங்களில் அதையே கண்டார். வேங்கடேசுவரன் என்ற இன்னொருவர் கிளிசரினில் கண்டார். இத்தனை பேர் இத்தனை ஆண்டுகள் அந்த மங்கல் ஒளியைத் துரத்திய பிறகுதான், அது அழுக்கன்று, புதுவகைச் சிதறல் என்பது உறுதிப்பட்டது. ராமனின் மேதைமை இதனால் குறைந்துவிடவில்லை. விடாமல் துரத்தச் செய்தவர் அவர்தாம். ஆனால் ஆராய்ச்சி மாணவனாக விரும்பும் ஒருவனுக்குக் கடலின் நீலத்தைவிட, ராமநாதன் வடித்து வடித்துப் பார்த்த அந்த நீர்க்குடுவைதான் பயன்படும். அதைச் சொல்லும் நூல் நம்மிடம் எத்தனை?

இனி நம் மலைக்கே வருவோம்.

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தைப் பற்றி எழுதும் எவரும் ஒரு வாக்கியத்தைத் தவறாமல் எழுதுவர்: 1909-இல் ஜான் எவர்ஷெட் இங்கே எவர்ஷெட் விளைவைக் கண்டுபிடித்தார். அதோடு அடுத்த செய்திக்குப் போய்விடுவார்கள். விளைவு என்றால் என்ன, அதை எப்படிக் கண்டார் என்று அறிய விரும்பும் மாணவன் நூலகத்தில் தேடி அலைய வேண்டியதுதான். இந்த ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பார்த்தாலே, நம் வரலாறுகளில் விடுபட்டவை என்னென்ன என்பது விளங்கிவிடும்.

எவர்ஷெட் 1864-இல் இங்கிலாந்தில் சர்ரே மாவட்டத்தில் பிறந்தவர். பிழைப்புக்காக ஒரு தொழில் நிறுவனத்தில் இரசாயனப் பகுப்பாய்வாளராகப் பணிபுரிந்தார். வானியல் அவருக்கு ஓய்வுநேர வேலை. சொந்தத்தில் தொலைநோக்கி வைத்துக்கொண்டு சூரியனின் தீக்கொழுந்துகளை ஆராய்ந்தார். 1898-இல் இந்தியாவில் தெரிந்த முழுச் சூரிய கிரகணத்தைப் படம்பிடிக்க மராட்டியப் பகுதியில் உள்ள தல்னி என்னும் ஊருக்கு வந்து போனார். சம்பளம் பெறும் வானியலராக அவர் கொடைக்கானலில் சேர்ந்தது 1907-இல். அப்போது வயது நாற்பத்திரண்டு. நம் கதைகளின்படி பார்த்தால் அந்த வயதுக்குள் கதாநாயகன் பரிசு வாங்கி முடித்திருக்க வேண்டும்!

அடுத்தது, அவர் செய்தது என்ன என்பது. சூரியப் புள்ளி ஒன்றின் நடுவே கருநிழல் என்னும் இருண்ட பகுதியும், அதைச் சுற்றிப் புறநிழல் என்னும் சற்று வெளுத்த வளையமும் இருக்கும். 1908-இல் அமெரிக்காவில் மவுன்ட் வில்சன் ஆய்வகத்தில் ஹேல் என்பவர், சூரியப் புள்ளிகளில் வலிமையான காந்தப்புலம் இருப்பதை நிறமாலைக் கோடுகள் பிளவுபடுவதைக் கொண்டு காட்டினார். புள்ளி என்பது பெரும் சுழற்காற்றைப் போன்றது, மின்னேற்றத் துகள்கள் சுழல்வதால் காந்தப்புலம் பிறக்கிறது என்ற கருத்து அப்போது ஓங்கியிருந்தது. அப்படியானால் புள்ளியைச் சுற்றி வாயுக்கள் சுழல்வதை நேரே அளந்துவிடலாமே என்று எவர்ஷெட் நினைத்தார்.

அளப்பது எப்படி? டாப்ளர் விளைவு மாணவர்கள் அறிந்ததே. கொண்டையூசி வளைவில் நம்மை நோக்கி வரும் லாரியின் ஹாரன் ஒலி சற்றுக் கீச்சென்றும், கடந்து போனபின் சற்றுத் தாழ்ந்தும் கேட்கிறதல்லவா? ஒளியிலும் அவ்வாறே. நம்மை நோக்கி வரும் வாயுவின் நிறமாலைக் கோடு நீலப் பக்கம் நகரும், விலகிச் செல்லும் வாயுவின் கோடு சிவப்புப் பக்கம் நகரும். ஆனால் எவ்வளவு நகரும்? வாயுவின் வேகம் வினாடிக்கு 2 கிலோமீட்டர் என்று கொள்வோம். ஒளியின் வேகம் 3,00,000 கிலோமீட்டர். ஆகவே அலைநீளம் மாறுவது ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்கு. 6000 ஆங்ஸ்ட்ரம் அலைநீளமுள்ள கோடு 0.04 ஆங்ஸ்ட்ரம் நகரும். ஓர் ஆங்ஸ்ட்ரத்தைக் கண்ணாடித் தகட்டில் ஒரு மில்லிமீட்டராக விரித்துக் காட்டும் கருவி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால்கூட, நகர்வு ஒரு தலைமயிரின் பருமனை எட்டாது. இதைத்தான் அவர் நுண்ணோக்கியின் கீழ் வைத்து அளந்தார். தகடு தகடாக, கோடு கோடாக.

1909 ஜனவரி 5-ஆம் நாள் எடுத்த நிறமாலைப் படங்களில் கோடுகள் நகர்ந்திருந்தன. ஆனால் எதிர்பார்த்த விதத்தில் அல்ல. மத்தால் தயிர் கடைவது போல் வாயு சுழன்றிருந்தால், நகர்வு ஒரு திசையில் தெரிந்திருக்கும். தோசைக்கல்லின் நடுவில் ஊற்றிய மாவு நாற்புறமும் பரவுவது போல் வாயு வெளிநோக்கி ஓடினால், நகர்வு வேறு திசையில் தெரியும். புள்ளி சூரிய வட்டின் விளிம்பை நோக்கி ஒதுங்கியிருக்கும்போது, புறநிழலில் வட்டின் நடுப்பக்கமாக இருந்த பாதியில் கோடுகள் நீலத்தை நோக்கியும், விளிம்புப் பக்கமாக இருந்த பாதியில் சிவப்பை நோக்கியும் சாய்ந்திருந்தன. புள்ளி வட்டின் நடுவுக்கு வந்தபோது நகர்வு மறைந்தது. இதன் பொருள் ஒன்றுதான்: வாயு சுழலவில்லை. புள்ளியின் நடுவிலிருந்து மேற்பரப்பை ஒட்டிக் கிடையாக வெளியே ஓடிக்கொண்டிருக்கிறது. நேர்மேலிருந்து பார்த்தால் கிடையோட்டம் நம்மை நோக்கியும் வருவதில்லை, விலகியும் போவதில்லை. அதனால்தான் நடுவில் நகர்வு தெரியவில்லை.

அவர் தேடியது சுழற்சி, கிடைத்தது பரவல். தம் அறிக்கையில் அவர் இதை மறைக்கவில்லை. ஹேலின் கண்டுபிடிப்பைப் பாராட்டிவிட்டு, அதனோடு தம் முடிவு இசைவாகப் பொருந்தவில்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதினார். எனக்கு அந்த அறிக்கையில் மிகவும் பிடித்த இடம் இதுவே. தம் முடிவு பிறரது புகழ்பெற்ற முடிவோடு ஒத்துப்போகவில்லை என்று எழுத ஒரு துணிவு வேண்டும். அதைத் தம் தகடுகளின் பலத்தில் மட்டும் எழுதினார். நம் வரலாற்று ஆசிரியர்களோ இந்த இடத்தையே ஒரே வாக்கியத்தில் விழுங்கிவிடுகிறார்கள். வாயு ஏன் இப்படி ஓடுகிறது என்பதற்கு விளக்கம் தேடும் முயற்சி, அக்கண்டுபிடிப்பின் நூற்றாண்டை ஒட்டி 2008-இல் பெங்களூரில் சூரிய இயற்பியலர் கூடியபோதும் தீர்ந்தபாடில்லை. புறநிழலின் காந்தப்புலமும் வெப்பச் சலனமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதைக் கணிப்பொறியில் வைத்து இன்றும் ஆராய்கிறார்கள்.

விஞ்ஞானியின் தவறுகளும் நம் நூல்களில் இடம்பெறுவதில்லை. எவர்ஷெட்டின் வாழ்வில் அதற்கும் நல்ல உதாரணம் உண்டு. ஐன்ஸ்டைனின் பொதுச் சார்புக் கொள்கைப்படி, சூரியனின் ஈர்ப்பினால் அதன் நிறமாலைக் கோடுகள் சிவப்புப் பக்கம் சற்றே நகர்ந்திருக்க வேண்டும். 6000 ஆங்ஸ்ட்ரம் கோட்டில் இது சுமார் 0.013 ஆங்ஸ்ட்ரம்தான், அதாவது முன்பு சொன்ன நகர்விலும் மூன்றில் ஒரு பங்கு. கொடைக்கானலில் இத்தகைய நகர்வுகளை அக்கொள்கை முழுமை பெறும் முன்பிருந்தே அளந்து வந்தார்கள். அளவுகள் ஒழுங்காக அமையவில்லை. வட்டின் நடுவில் ஒரு மாதிரி, விளிம்பில் வேறு மாதிரி. விளக்கம் தேடிய எவர்ஷெட், சூரியனின் வாயுக்கள் பூமி இருக்கும் திசையிலிருந்து விலகி ஓடுகின்றனவோ என்று ஒரு விசித்திரமான கருத்துக்குப் போனார். இன்று கேட்டால் நகைப்புக்கு இடம் தரும். ஆனால் அதை அவர் சோதித்த முறையைப் பாருங்கள்: சூரியனின் மறுபக்கத்தை நாம் காண முடியாது, வெள்ளிக் கிரகம் காணும், ஆகவே வெள்ளியில் பட்டுத் திரும்பும் ஒளியின் நிறமாலையை எடுத்துப் பார்க்கலாம்! எவ்வளவு அழகான யோசனை! கருத்து நிலைக்கவில்லை. சூரியப் பரப்பில் சூடான வாயு பொங்கி மேலெழுந்து வருவதால் வட்டின் நடுவில் கோடுகள் சிறிது நீலப் பக்கம் இழுக்கப்படுகின்றன, அது ஈர்ப்பு நகர்வில் ஒரு பகுதியை மறைத்துவிடுகிறது என்பது பல ஆண்டுகளுக்குப் பின்பே தெளிவாயிற்று. தவறான கருத்துக்காகச் செய்த நல்ல சோதனை என்று இதை ஒரு பாடமாகவே வைக்கலாம். தவறே செய்யாத விஞ்ஞானியைப் படித்து வளர்ந்த மாணவன், தன் முதல் சோதனை பிழைத்தவுடன் தனக்கு இது ஒத்துவராது என்று ஒதுங்கிவிடுகிறான். இப்படி ஒதுங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நம் நூல்களில் விஞ்ஞானி எப்போதும் தனியாளாகவே நிற்கிறார். எவர்ஷெட்டின் மனைவி மேரி, தம் அளவில் ஒரு வானியலர். சூரியனின் தீக்கொழுந்துகளைப் பற்றி 1917-இல் கொடைக்கானல் ஆய்வகம் வெளியிட்ட பெரும் ஆய்வுரையில் கணவர் பெயரோடு அவர் பெயரும் உள்ளது. இத்தாலியக் கவிஞர் டான்டேயின் வானியல் அறிவைப் பற்றி அவர் எழுதிய நூலும் இம்மலைவாசக் காலத்தின் விளைவே. தமிழ்க் கட்டுரைகளில் அவர் அநேகமாக வருவதில்லை. வந்தால் "அவருடைய மனைவியும் உதவினார்" என்ற அளவில் வருவார். அதற்கும் கீழே, நாள்தோறும் தகடு மாற்றி, கழுவி, எண்ணிட்டு, அளந்து பதிந்த இந்திய உதவியாளர்கள். 1904 முதல் இங்கே வானம் தெளிந்த நாளெல்லாம் சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள். நூறாண்டுக்கு 36,500 நாட்கள். மழையையும் மூடுபனியையும் கழித்தாலும் எத்தனை காலைப் பொழுதுகள்! அந்தத் தகடுகள் இன்று கணிப்பொறியில் ஏற்றப்பட்டு, சூரியன் ஒரு நூற்றாண்டில் எப்படி நடந்துகொண்டது என்பதை அறிய உலகெங்கும் பயன்படுகின்றன. அவற்றை எடுத்தவர்களில் ஒருவர்கூட, தாம் எடுக்கும் படம் 100 ஆண்டுக்குப் பின் என்ன கேள்விக்கு விடை தரும் என்று அறிந்திருக்க முடியாது. இது ஆராய்ச்சி இல்லையா?

செண்பகனூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இங்குள்ள இயேசு சபையாரின் திரு இருதயக் கல்லூரியும், கொடைக்கானல் ஆய்வகத்தின் அடிக்கல்லும் ஒரே ஆண்டைச் சேர்ந்தவை, 1895. அக்கல்லூரியின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பூச்சிகளும் பாம்புகளும் பறவைகளும் செடிகளும் வரிசை வரிசையாக இருக்கின்றன. பழனி மலைச் செடிகளை ஒவ்வொன்றாக வண்ணத்தில் வரைந்த ஆங்லேட் அடிகளாரின் ஓவியங்களைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அவர்களில் எவரும் திடீரென்று எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. சேர்த்தார்கள், பெயரிட்டார்கள், ஒழுங்காக வைத்தார்கள். அது உயிரியல், நாம் பேசுவது இயற்பியல் என்று சிலர் சொல்லக்கூடும். மலைமேல் சூரியத் தகடுகளை அடுக்கியவர்களுக்கும் கீழே பூச்சிகளை அடுக்கியவர்களுக்கும் பொறுமையில் அப்படி ஒன்றும் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் நம் வரலாறுகள் பேசா. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைச் சூறையாடிய பெரும் பஞ்சத்துக்குப் பிறகு, பருவமழை பொய்ப்பதற்கும் சூரியப் புள்ளிகளின் ஏற்ற இறக்கத்துக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி அரசுக்கு அவசரமாயிற்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த மிச்சி ஸ்மித் நீலகிரியையும் பழனி மலையையும் ஆராய்ந்து கொடைக்கானலைத் தேர்ந்தார். சென்னை ஆய்வகத்தின் பணி 1899-இல் இங்கே மாறியது. ஆக, எவர்ஷெட்டின் சம்பளம் பஞ்சத்தின் நினைவிலிருந்து வந்தது எனலாம். புள்ளியை எண்ணி மழையைச் சொல்லிவிடலாம் என்ற அந்த நம்பிக்கை கைகூடவில்லை. மழைக்காகக் கட்டிய ஆய்வகம் மழையைப் பற்றிச் சொல்லாமல், சூரியனைப் பற்றிச் சொன்னது. ஆராய்ச்சி நிறுவனங்கள் எப்படித் தோன்றுகின்றன, அவற்றிடம் மக்கள் எதை எதிர்பார்க்கிறார்கள், அவை எதைத் தருகின்றன என்பதை இதைவிட நன்றாக விளக்கும் கதை வேண்டுமா?

எழுதப்படாத வரலாறுகளில் எனக்கு மிகவும் ஏக்கம் தருவது தாமஸ் ராய்ட்ஸ் என்பவருடையது. எவர்ஷெட் இங்கே புள்ளியை அளந்துகொண்டிருந்த அதே காலத்தில், மான்செஸ்டரில் ரதர்ஃபோர்டுடன் ஓர் இளைஞர் வேலை செய்தார். ரேடான் வாயுவை ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயில் அடைத்தார்கள். அதன் சுவர் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பருமன்தான். பாம்பாக் என்ற கண்ணாடி ஊதும் கலைஞர் அதைச் செய்து தந்தார். ஆல்ஃபா துகள்கள் அச்சுவரை ஊடுருவி வெளிக்குழாயில் சேர்ந்தன. ஆறு நாளில் அங்கே ஹீலியத்தின் நிறமாலை முழுமையாகத் தெரிந்தது. ஆல்ஃபா துகள் என்பது ஹீலியமே என்று மெய்ப்பித்த, பாடநூல்களில் அழியா இடம் பெற்ற சோதனை அது. 1909-இல் வெளியான அக்கட்டுரையின் இரண்டாவது பெயர் ராய்ட்ஸ். அவர் 1911-இல் கொடைக்கானலுக்கு வந்தார். எவர்ஷெட் 1923-இல் ஓய்வு பெற்றபின் இயக்குநராகி, 1937 வரை இருந்தார். இருபத்தாறு ஆண்டுகள்! இருபத்தைந்து வயதுக்குள் உலகப் புகழ்பெற்ற சோதனையில் பங்கு, அதன்பின் ஒரு மலையுச்சியில் நீண்ட, ஆரவாரமற்ற பணி. இந்த வாழ்க்கையை வெற்றி என்பதா, இறக்கம் என்பதா? நம் வரலாறுகளின் அளவுகோலால் இதை அளக்கவே முடியாது. அதனாலேயே யாரும் எழுதவில்லை போலும். ஆனால் உண்மையில் ஆராய்ச்சிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர்க்கு வாய்ப்பது ராய்ட்ஸின் பிற்பாதி போன்ற வாழ்வுதான், முற்பாதிகூட அல்ல.

வெள்ளையர் கதை எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சென்னை ஆய்வகத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரியைக் காட்டுவேன். அங்கே முதல் உதவியாளராக இருந்த அவர், 1867-இல் ஒரு விண்மீனின் ஒளி மாறுவதைக் கண்டறிந்தார். 1872-இல் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினரானார். 1874-இல் வெள்ளிக் கிரகம் சூரியனைக் கடக்கப்போவதைப் பொதுமக்களுக்கு விளக்க ஆங்கிலத்திலும் இந்திய மொழிகள் சிலவற்றிலும் நூல் வெளியிட்டார். பஞ்சாங்கக் கணிதத்தை நேர்க்காட்சியோடு ஒத்துவரத் திருத்த வேண்டும் என்று வாதாடினார். அப்பேர்ப்பட்டவரைப் பற்றி மாணவர் கையில் கொடுக்க ஒரு சிறு நூல் தேடினால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கிறது. அவருக்கு ஆப்பிளும் விழவில்லை, பரிசும் கிடைக்கவில்லை என்பதாலா?

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. நண்பர் ஒருவர் என்னிடம் சொன்னது. "குழந்தைகளுக்கு முதலில் ஆசையை ஊட்ட வேண்டும் ஐயா. 0.04 ஆங்ஸ்ட்ரத்தைச் சொன்னால் எவன் வருவான்? அதெல்லாம் பின்னால் தானே தெரிந்துகொள்வான்." இதில் நியாயம் இல்லாமல் இல்லை. நானே கடலின் நீலத்தைப் படித்துத்தான் இயற்பியலுக்கு வந்தேன். ஆனால் பின்னால் தெரிந்துகொள்வான் என்பது பட்டணத்துப் பிள்ளைக்குப் பொருந்தும். அவனுக்கு மாமாவோ அக்காவோ ஆராய்ச்சி நிலையத்தில் இருப்பார்கள். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்வான். தாண்டிக்குடியிலோ பண்ணைக்காட்டிலோ தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கு அந்தத் தொழிலைப் பற்றித் தெரிவிக்கக்கூடிய ஒரே ஆள் அந்தப் புத்தகம்தான். அது மௌனமாக இருந்துவிட்டால் வேறு யாரும் சொல்லப் போவதில்லை. ஆசை மட்டும் ஊட்டப்பட்டு வழி காட்டப்படாத பிள்ளை கடைசியில் கிடைத்த படிப்பில் சேர்ந்துவிடுகிறது.

என்ன சொல்லியிருக்கலாம்? பட்டப்படிப்பு, முதுகலை, அதன்பின் ஜெஸ்ட், நெட், கேட் போன்ற தேர்வுகளில் ஒன்று, முனைவர் பட்டத்துக்கு ஐந்தாறு ஆண்டு, அந்த ஆண்டுகளுக்கு உதவித்தொகை உண்டு, அதன்பின்னும் நிலையான வேலைக்கு முன் சில ஆண்டுகள் ஊர் ஊராகத் தற்காலிகப் பணி. இடங்கள் குறைவு, போட்டி மிகுதி. நிலையான வேலை கிடைக்கும்போது முப்பதைத் தாண்டியிருக்கும். இவையெல்லாம் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும் செய்திகள். இவற்றை அச்சிடுவதால் ஆசை கெட்டுவிடும் என்று நான் நம்பவில்லை. இராணுவத்தில் சேர்வோருக்கு மலையும் பனியும் இருக்கும் என்று சொல்லித்தானே அனுப்புகிறோம்? ஆங்கிலம் பற்றியும் ஒளிக்காமல் சொல்லியிருக்கலாம். ஆய்வுக் கட்டுரைகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அது இலக்கிய ஆங்கிலம் அல்ல. சில நூறு சொற்களும் சமன்பாடுகளும் திரும்பத் திரும்ப வரும் ஒரு தொழில்மொழி. தமிழில் இயற்பியலைப் புரிந்துகொண்டவர்கள் இரண்டாண்டில் அதைப் பிடித்துவிடுகிறார்கள். புரியாமல் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்தவர்கள்தாம் தடுமாறுகிறார்கள். வத்திராயிருப்பில் பிறந்து மதுரையில் படித்த கே. எஸ். கிருஷ்ணன் தமிழில் ஆழ்ந்த பற்றுடையவர் என்பதைக் கதைகள் கூறுகின்றன. அவர் திரவங்களின் ஒளிச்சிதறலை நாளெல்லாம் இருட்டறையில் உட்கார்ந்து கண்ணால் பார்த்து அளந்தார் என்பதையும் சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

இந்தக் குற்றச்சாட்டில் எனக்கும் பங்கு உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1960-இல் கொடைக்கானலின் பொறுப்பேற்ற வேணு பாப்புவைப் பற்றிப் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கட்டுரை எழுதினேன். மாணவராக ஹார்வர்டில் இருந்தபோது 1949-இல் வால்மீனைக் கண்டார், ஓலின் வில்சனோடு சேர்ந்து விண்மீன்களின் ஒளித்திறனை அளக்க ஒரு வழி கண்டார், உலக வானியல் சங்கத்தின் தலைவரானார் என்று ஏணிப்படி போல எழுதி முடித்தேன். அவர் காவலூர்க் காட்டில் இடம் தேடி அலைந்ததும், 1968-இல் அங்கே 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு தொடங்கியதும், பெரிய தொலைநோக்கியை இந்தியாவிலேயே செய்ய வேண்டும் என்று பிடிவாதமாக நின்றதும் ஒரு வரியில் போயின. 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் இயங்கத் தொடங்கியபோது அவர் உயிரோடு இல்லை; 1982-இலேயே காலமாகிவிட்டார். ஆடி தேய்ப்பது எப்படி, அதற்கு எத்தனை ஆண்டு ஆகும் என்று அன்று விசாரித்து எழுதியிருந்தால் அக்கட்டுரை யாருக்காவது பயன்பட்டிருக்கும். வால்மீனைப் பற்றி எழுதுவது எளிதாக இருந்தது, எழுதிவிட்டேன்.

அந்த மாணவிக்கு நான் அன்று சொன்ன பதில் சரியில்லை. "நிறையப் படிம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து அவளையும் இன்னும் நான்கு பேரையும் ஆய்வகத்துக்கு அழைத்துப் போனேன். போய்ச் சேரும்போது மணி பதினொன்று ஆகிவிட்டது. பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி மலையை மூடியிருந்தது. சூரியனைப் பார்க்க முடியவில்லை. சுவரில் இருந்த பழைய படங்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவள் கேட்டாள்: "இப்படி மேகமா இருக்கிற நாள்ல இவங்க என்ன சார் செய்வாங்க?" முந்தைய நாட்களின் தகடுகளை அளப்பார்கள் என்றேன். சூரியனைப் பார்க்க வேண்டுமானால் காலையில், காற்று சூடேறிக் கலங்குவதற்கு முன்னால் வர வேண்டும் என்றும் சொன்னேன். அப்படியானால் செண்பகனூரிலிருந்து முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று அவள் பக்கத்தில் இருந்தவளிடம் விசாரிக்கத் தொடங்கினாள்.